பைக்கில் அலைச்சறுக்குப் பலகை: தொல்லையை வைத்துக் கோளாற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

பைக்கின் பக்கவாட்டில் தாங்கி மாட்டி, அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு பத்து கிலோமீட்டர் போய் வருவது எளிது. நாளுக்கு முந்நூறு கிலோமீட்டர் வீதம் பல நாள் போவது அப்படியல்ல. பத்து கிலோமீட்டரில் தலைகாட்டாத கோளாறுகள் மூன்றாம் நாள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நாம் பைக்கைத்தான் குறை சொல்கிறோம். டயர் சரியில்லை, பேரிங் போய்விட்டது என்று கடை கடையாக ஏறி இறங்குகிறோம். என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை குற்றவாளி பலகை கட்டப்பட்ட விதம்தான்.

எந்தத் தொல்லையானாலும் முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: அது எப்போது வருகிறது? மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும் ஒரே அளவில் இருந்தால் எடையைப் பாருங்கள். வேகம் கூடக்கூடத் தொல்லையும் கூடினால் காற்றைப் பாருங்கள். நிறுத்தி இறங்கிய பிறகுதான் தெரிகிறது என்றால் வெப்பம் அல்லது உராய்வு. இந்த மூன்றைப் பிரித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கீழே பலகை இடப்பக்கம் இருப்பதாக வைத்தே எழுதுகிறேன். பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால் பலகைக்கு இடப்பக்கமே பாதுகாப்பு. உங்கள் பைக்கில் மாறியிருந்தால் இடத்தை வலமாக மாற்றிப் படியுங்கள்.

பைக் ஒரே பக்கமாக இழுக்கிறது

நேரான, காற்றில்லாத சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போய்ப் பாருங்கள். அப்போதும் இடப்பக்கம் சாய்கிறது என்றால் எடைதான் காரணம். சிறிய பலகை ஒன்று மூன்று கிலோ இருக்கும். உறையையும் சேர்த்தால் ஐந்து. இரும்புத் தாங்கி இன்னொரு நான்கு. ஆக ஒன்பது கிலோ, பைக்கின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் தள்ளித் தொங்குகிறது. எதிர்ப்பக்கப் பை நடுக்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் அதில் பன்னிரண்டு கிலோ வைக்க வேண்டும். அப்போதுதான் தராசு நிற்கும். கருவிகள், தண்ணீர், பூட்டுச் சங்கிலி என்று கனமானவை எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். தண்ணீரைக் குடிக்கக் குடிக்கத் தராசு சாயும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

30 கிலோமீட்டரில் ஒன்றும் இல்லை, 70 தாண்டினால்தான் இழுக்கிறது என்றால் எடையை விட்டுவிடுங்கள். பலகையின் மூக்கு, அதாவது முன்நுனி, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு பயணத்தில் மூன்று நாளாக வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. சக்கரங்கள் நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று அளந்து பார்த்தாயிற்று, டயர் காற்றும் பார்த்தாயிற்று. நான்காம் நாள் காலை வண்டிக்கு நேர் முன்னால் தரையில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பலகையின் மூக்கு பைக்கிலிருந்து விலகி, விரித்த கை போல வெளியே வளைந்து நிற்பது தெரிந்தது. அடிப்புறம் உள்ளே, மேற்புறம் வெளியே என்று கட்டியிருந்தேன்.

சிறிய பலகைகளின் மூக்கு மேற்புறத்தை நோக்கி ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வளைந்திருக்கும். அடிப்புறத்தை உள்ளே வைத்துக் கட்டினால் அந்த 12 சென்டிமீட்டரும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எதிர்க்காற்று பலகைக்கும் பைக்குக்கும் நடுவே புகுந்து பலகையைத் தாங்கியிலிருந்து பிய்க்கப் பார்க்கும். பைக்கையும் தன் பக்கம் இழுக்கும். மேற்புறம் பைக்கைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டினேன். மூக்கு உள்நோக்கி வளைந்தது. காற்று பலகையைத் தாங்கியோடு சேர்த்து அழுத்தியது. இழுப்பு போன இடம் தெரியவில்லை.

அப்படித் திருப்பும்போது இரண்டு இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள்; கைப்பிடியோ கிளட்ச் லிவரோ மூக்கில் இடிக்கக் கூடாது. அடுத்து, வால் நுனியும் உள்நோக்கித்தான் வளைந்திருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்து, பின்னால் சுமையும் ஏற்றிய பிறகு, பின்சக்கரத்துக்கும் வாலுக்கும் நடுவே ஒரு முஷ்டி அளவு இடைவெளியாவது இருக்க வேண்டும். நின்ற வண்டியில் இருக்கும் இடைவெளி பள்ளத்தில் இறங்கும்போது இருக்காது.

ஹேண்டில்பார் உதறுகிறது, அல்லது பின்பக்கம் அலைகிறது

இரண்டும் வெவ்வேறு. ஹேண்டில்பார் மட்டும் கைக்குள் படபடவென்று வேகமாக உதறினால் முன்பக்கக் கோளாறு: ஸ்டியரிங் பேரிங் தளர்ந்திருக்கலாம், முன் டயர் ஒரே சீராகத் தேயாமல் இருக்கலாம், அல்லது பின்பக்கம் சுமை அதிகமாகி முன்சக்கரம் இலேசாகியிருக்கலாம். வண்டி முழுவதும் மீன் நீந்துவது போல இடமும் வலமுமாக நிதானமாக அசைந்தால் அது பின்பக்கத்திலிருந்து வருகிறது. நம்மை அதிகம் பயமுறுத்துவது இந்த இரண்டாவதுதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்துங்கள். முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்க்காதீர்கள். அது உதறலை வளர்க்கும். முழங்கால்களால் டேங்கை இறுக்கி, கைகளைத் தளர்வாக வைத்து, வேகம் தானாக இறங்க விடுங்கள்.

நிறுத்திய பிறகு பலகை எவ்வளவு பின்னால் போயிருக்கிறது என்று பாருங்கள். ஆறு அடிப் பலகை 183 சென்டிமீட்டர். பைக்கின் இரு அச்சுகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரும்பாலும் 140 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். மூக்கை முன் அச்சுக்கு நேராக வைத்தால் வால் பின் அச்சைத் தாண்டி 43 சென்டிமீட்டர் நீளும். அதுவே போதுமான நீட்டல். காலுக்கு இடைஞ்சல் என்று பலகையை இன்னும் பின்னுக்குத் தள்ளினால், பின் அச்சுக்கு அப்பால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தைத் தூக்கும். பின்னால் மேலே கட்டிய பையும் இதே வேலையைத்தான் செய்கிறது. கனமானதைக் கீழேயும் முன்னேயும் கொண்டுவாருங்கள். பின் டயரில், இருவர் செல்வதற்கென்று பைக்கின் கையேடு சொல்லும் அளவுக்குக் காற்று அடியுங்கள்; பின் ஷாக்கின் ஸ்பிரிங்கையும் அதே கணக்கில் இறுக்குங்கள்.

ஒன்பது அடிப் பலகையைப் பக்கவாட்டில் கட்டி நெடுந்தூரம் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பதே என் பதில். 274 சென்டிமீட்டர் நீளம் என்பது பைக்கின் அச்சு இடைவெளியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கே வைத்தாலும் ஏதாவது ஒரு முனை வண்டியை ஆட்டிவைக்கும். ஏழு அடிக்கு மேல் என்றால் வேறு வண்டியில் அனுப்பிவிடுங்கள்.

பக்கக் காற்று தள்ளுகிறது, லாரி கடக்கும்போது வண்டி தாவுகிறது

இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது; குறைக்கத்தான் முடியும். ஆறு அடிப் பலகையின் பரப்பு ஏறக்குறைய 0.6 சதுர மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அதன் மேல் நேராக அடித்தால் நான்கு கிலோ எடையளவு விசை தள்ளும். காற்று 54 கிலோமீட்டரானால் ஒன்பது கிலோவைத் தாண்டும். காற்றின் வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளும் விசை இரண்டேகால் மடங்காகிறது. அதனால்தான், கொஞ்சம்தானே காற்று கூடியிருக்கிறது என்று ஓட்டிக்கொண்டே போகிறவர்கள் திடீரென்று அடுத்த தடத்தில் போய் நிற்கிறார்கள்.

பலகையை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். வளைவில் சாயும்போது தரையில் படாத உயரம் போதும். உறை பலகையைவிடப் பெரிதாக இருந்தால் காற்றில் உப்பிப் பாய்மரமாகிவிடும். மிஞ்சிய துணியை மடித்து அதன் மேல் பட்டை கட்டுங்கள். பெரிய லாரி எதிரே வரும்போதும் முந்தும்போதும் முதலில் ஒரு தள்ளல், பிறகு ஒரு உறிஞ்சல் என்று இரண்டு அடி விழும். முதல் அடிக்கு எதிராக அதிகமாகச் சாய்த்துவிட்டால் இரண்டாவது அடி உங்களை அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். தடத்தின் நடுவில், தளர்ந்த கைகளோடு போங்கள். பாலத்தின் மேலும் மலை இடுக்கிலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மரங்கள் ஒரே பக்கமாக வளைந்து ஆடுகின்றன என்றால் தேநீருக்கு நிறுத்த அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பட்டை ஓயாமல் ரீங்கரிக்கிறது

தட்டையான பட்டை காற்றில் அதிர்கிறது. அவிழ்த்து, இரு கட்டுகளுக்கும் நடுவே ஒரு முறுக்கோ இரண்டு முறுக்கோ கொடுத்துக் கட்டுங்கள். சத்தம் நின்றுவிடும். காதுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாள் முழுதும் அதிரும் பட்டை பூட்டுக்குள் அறுபட்டுக்கொண்டே இருக்கும்.

பலகை மெல்ல மெல்லப் பின்னால் நழுவுகிறது

காலையில் கட்டிய இடத்தில் மாலையில் பலகை இல்லை. பூட்டை இன்னும் இறுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். பல்சக்கரம் வைத்து நெம்பி இறுக்கும் பட்டை பலகையின் விளிம்பை நசுக்கிவிடும். உள்ளே இருப்பது நுரை, வெளியே இருப்பது சில மில்லிமீட்டர்கூட இல்லாத கண்ணாடி இழை ஓடு. கையால் இழுத்தால் பிடித்துக்கொள்ளும் சாதாரண அமுக்குப் பூட்டுப் பட்டையே இதற்குச் சரி.

நழுவுவதற்கு வடிவமே காரணம். பலகை நடுவில் அகலம், முனைகளில் குறுகல். அகலமான இடத்தைச் சுற்றிய கட்டு, குறுகும் திசையில் துளி நகர்ந்தாலும் தளர்ந்துவிடும். ஒரு கட்டு நடுவுக்கு முன்னும், இன்னொரு கட்டு நடுவுக்குப் பின்னும் இருந்தால் ஒன்று தளர நினைக்கும்போது மற்றது இறுகும். அதோடு மூன்றாவதாக, வாலைச் சுற்றி ஒரு கயிற்றைக் கொண்டுபோய் முன்பக்கமாகத் தாங்கியில் கட்டிவிடுங்கள். பலகை பின்னால் போக அதற்குப் பிறகு வழியே இல்லை.

மழையில் மட்டும் தளர்கிறது என்றால் பட்டை நைலானாக இருக்கும். நைலான் நனைந்தால் நீளும். பாலியஸ்டர் அவ்வளவாக நீளாது. உலர்ந்த பட்டையும் வழுக்கினால் பூட்டின் பல்லில் மணல் ஏறியிருக்கிறது. நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றை மட்டும் நம்பிப் பலகையை விடவே கூடாது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது நீண்டு சுருங்கும், அவிழ்க்கும்போது கொக்கி கண்ணுக்கு நேராக வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒருமுறை நெடுந்தூரம் ஓடி நிறுத்தியபோது பட்டையின் தொங்கும் நுனி கறுத்துப் பிசுபிசுத்திருந்தது. விரலில் எடுத்துப் பார்த்தேன்: செயின் கிரீஸ். நுனி இழைகள் சீப்புப் போலப் பிரிந்திருந்தன. இன்னும் இரண்டு விரற்கடை நீளம் தொங்கியிருந்தால் பற்சக்கரம் பட்டையோடு பலகையையும் உள்ளே இழுத்திருக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். அன்று முதல் மிஞ்சிய பட்டை அத்தனையும் சுருட்டி முடிச்சிடாமல் நான் சாவி போடுவதில்லை. பலகையோடு காலைப் பிணைக்கும் கயிறு அதைவிட ஆபத்து. அதைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.

பலகையின் அடிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்புகளையும் கழற்றுங்கள், அடிப்புறம் வெளியே பார்ப்பதால் அவை நடப்பவர்கள் மேல் கிழிக்கும். திருகு வைத்த துடுப்புகளுக்கு 3/32 அங்குல அறுகோணச் சாவி வேண்டும். பைக் கருவிப் பையில் இருக்கும் 2.5 மில்லிமீட்டர் சாவி அதில் நுழையாது. தனியாக ஒன்றைச் சாவிக்கொத்திலேயே கோத்துவிடுங்கள்.

தாங்கி ஆடுகிறது, கடகடக்கிறது

பலகையை இறக்கிவிட்டு, தாங்கியின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஒவ்வொரு இணைப்பிலும் மாறி மாறி வையுங்கள். எந்த இடத்தில் இரு இரும்பும் தனித்தனியாக அசைவது விரலுக்குத் தெரிகிறதோ அங்கேதான் கோளாறு. பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட் தளர்ந்திருக்கும். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். ஆனால் இறுக்கிவிட்டு மட்டும் கிளம்பினால் நாளைக்கும் தளரும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு அதற்கு ஓய்வே கொடுக்காது. நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டைப் போடுங்கள், அல்லது நடுத்தர வலுவுள்ள நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விடுங்கள். பிறகு நட்டின் மேலும் தாங்கியின் மேலும் சேர்ந்தாற்போல நகப்பூச்சால் ஒரு கோடு இழுங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் நட்டு திரும்பியிருக்கிறது. பெட்ரோல் போட நிற்கும்போது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தும் ஆடுகிறதா? வெல்டிங் வைத்த இடங்களை வெள்ளைத் துணியால் துடையுங்கள். வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். அலுமினியத் தாங்கியில் துருவின் செம்மை தெரியாது. கறுத்த இழையாகத் தெரியும், நகத்தை ஓட்டினால் தட்டும். அந்தத் தாங்கியில் பலகையை ஏற்றாதீர்கள். அடுத்த ஊர் வரை போயாக வேண்டும் என்றால் விரிசலின் இரு பக்கமும் தாண்டும் நீளத்துக்கு ஒரு இரும்புத் துண்டை வைத்து, குழாய்க் கவ்விகள் நான்கு போட்டு இறுக்கி, முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். மறுபடி வெல்டிங் வைக்கும்போது தாங்கியைக் கழற்றி வைத்துத்தான் வைக்க வேண்டும். பைக்கின் சட்டத்தோடு தாங்கியைச் சேர்த்து வெல்டிங் வைக்கச் சொல்பவர்களுக்கு இணங்காதீர்கள். சட்டம் அந்த இடத்தில் வலுவிழக்கும்.

பலகையில் ஒரே இடம் சொரசொரப்பாகிறது

தாங்கியின் கைகளில் சுற்றிய நுரை ஒரு வாரத்தில் நசுங்கி, உள்ளிருக்கும் இரும்பு பலகையைத் தொடுகிறது. அல்லது நுரை நன்றாக இருந்தும் அதற்கும் பலகைக்கும் நடுவே மணல் மாட்டிக்கொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கிறது. தினமும் கட்டும் முன் ஈரத்துணியால் இரண்டையும் துடையுங்கள். நுரைக்கு மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினால் நீண்ட நாள் வரும்.

மேற்புறம் உப்பியிருக்கிறது, அழுத்தினால் சப்தமிடுகிறது

இது வெப்பத்தின் வேலை. ஓடு உள்ளே இருக்கும் நுரையை விட்டுப் பிரிந்துவிட்டது. நுரை எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். பாலியூரித்தேன் நுரையும் பாலியஸ்டர் ரெசின் என்னும் பிசினும் சேர்ந்த பலகை ஒரு வகை. பாலிஸ்டைரீன் நுரையும் எபாக்சி ரெசினும் சேர்ந்த இலேசான பலகை இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு வெப்பம் ஆகாது. பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரியில் இளகிவிடும், நுரையாக இருக்கும்போது அதற்கு முன்பே சுருங்கத் தொடங்கும். சைலன்சரின் மேற்பரப்போ 100 டிகிரியை எளிதில் தாண்டும்.

இருபது நிமிடம் ஓட்டி, நிறுத்தி, பலகையில் எஞ்சினைப் பார்த்த பக்கத்தின் மேல் புறங்கையை வையுங்கள். ஐந்து எண்ணும்வரை வைக்க முடியவில்லை என்றால் பலகை சமைகிறது. தாங்கியை வெளியே நகர்த்துங்கள், அல்லது நடுவே காற்றோட இடைவெளி விட்டு ஒரு தகரத்தை நிறுத்துங்கள்.

எஞ்சின் மட்டுமே குற்றவாளி இல்லை. வெயிலில் நிறுத்திய கறுப்பு உறைக்குள் சூடு ஏறிக்கொண்டே போகும். வெளிர் நிற உறை வாங்குங்கள், நிழலில் நிறுத்துங்கள், நிறுத்திய உடனே உறையின் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் தடவிய மெழுகைக் கிளம்பும் முன் முழுவதும் சுரண்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அது உருகி, உறையில் ஊறி, மணலையும் சேர்த்துக்கொண்டு பலகையில் ஒட்டும்.

எபாக்சிப் பலகைகள் சிலவற்றில் காற்று வெளியேறுவதற்கென்று சிறிய திருகு இருக்கும். மலைப்பாதையில் 2,000 மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். உள்ளே அடைபட்ட காற்று ஓட்டினை வெளியே தள்ளும். ஏறும் முன் அந்தத் திருகைத் தளர்த்துங்கள். கடலில் இறங்கும் முன் மூட மறக்காதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் பலகை பாழ். தானாகவே காற்றை விடும் சவ்வு பொருத்திய திருகானால் தொட வேண்டியதில்லை.

அடிபட்டு ஓட்டை விழுந்துவிட்டது

முதலில் முழுதாக உலர விடுங்கள். பாலிஸ்டைரீன் பலகையில் பாலியஸ்டர் ரெசினைத் தடவினால் நுரை கரைந்து பள்ளம் பெரிதாகும். வெயிலில் இறுகும் குழாய் ரெசின்களில் பல பாலியஸ்டர்தான். எபாக்சி இரண்டு வகைக்கும் ஆகும். பலகை எந்த வகை என்று தெரியாவிட்டால் எபாக்சியே வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோலும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். ஆகையால் ஓட்டையுள்ள பலகையின் அருகே டேங்கை நிரப்பும்போது ஓட்டையின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி வையுங்கள்.

நிறுத்தினால் வண்டி அதிகமாகச் சாய்கிறது

சைடு ஸ்டாண்டு இருக்கும் பக்கமே பலகையும் இருப்பதால் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். மணலிலும் தாரிலும் ஸ்டாண்டு புதையாமல் இருக்க உள்ளங்கை அகலத் தகடு ஒன்றைக் கயிறு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதும் இறங்குவதும் வலப்பக்கமாக இருக்கட்டும். சரக்கை இறக்கும்போது முதலில் பலகையை இறக்கினால், எதிர்ப்பக்கப் பையின் எடையில் வண்டி வலப்பக்கம் கவிழக்கூடும். முதலில் பை, பிறகு பலகை.

இண்டிகேட்டர், பின்விளக்கு, எண் பலகை மூன்றும் பின்னால் வருபவருக்குத் தெரிகின்றனவா என்று பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். பக்கவாட்டில் எவ்வளவு நீட்டலாம் என்ற விதி நாட்டுக்கு நாடு மாறும். எல்லை தாண்டுகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடுவழியில் தாங்கி முறிந்துவிட்டது

பலகையை முதுகில் மாட்டிக்கொண்டு ஓட்டலாம் என்று தோன்றும். கூடவே கூடாது. காற்று பலகையைப் பிடித்தால் உங்களையும் சேர்த்துத் தூக்கும். விழுந்தால் பலகையின் விளிம்பு பின்கழுத்தில் அடிக்கும். பின்னால் உட்கார்ந்தவர் அக்குளில் இடுக்கிக்கொள்வதும் அப்படித்தான். பலகையை இறக்கி நிழலில் வையுங்கள், காற்றில் பறக்காமல் மேலே பையை ஏற்றி வையுங்கள், அந்தப் பக்கம் போகும் சரக்கு வண்டி ஒன்றைக் கைகாட்டி நிறுத்துங்கள். பலகையை அதில் ஏற்றிவிட்டு, அது கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பின்னாலேயே போங்கள்.